மோனிகாவின் இடது கால்

உளவியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் நோயாளியை முதலில் தேடுவது சொந்த வீட்டில்தான். நானும் தேடினேன். இரண்டே வாரத்தில் கிடைத்துவிட்டார். எனக்குத் தாலி கட்டியவர்.

அப்போது மகளுக்குப் பத்து மாதம். பால் கொடுக்கிற நேரம், பாத்திரம் தேய்க்கிற நேரம், இரண்டுக்கும் நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம் போக, மிச்சத்தில் தபால் வழியில் எம்.ஏ. படித்தேன். (குழந்தை தூங்கும்போது படித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தது.)

அந்த மாதப் பாடம், பெரியவர்களின் வழக்கத்துக்கு மாறான பாலியல் நாட்டங்கள். சிலருக்குக் காலணி, சிலருக்கு ரப்பர், சிலருக்குப் பலூன். வீட்டில் யாரும் இல்லாதபோதும் பக்கத்தை ஒரு கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். ஆனால் பாடம் நிதானமானது. முன்பு எல்லாவற்றையும் வக்கிரம் என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தார்கள், இப்போது பிரித்துவிட்டார்கள். விசித்திரமாக இருப்பதாலேயே ஒரு நாட்டம் நோயாகிவிடாது. ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அதனால் அவருக்கே மன உளைச்சலோ, வேலையிலும் உறவிலும் பாதிப்போ, சம்மதிக்காத இன்னொருவருக்குத் தீங்கோ வர வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் அது அவரவர் விருப்பம். எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆபத்தே அங்குதான் தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை காலை, டயபர் பொட்டலத்துக்காகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டபோது ஒரு கறுப்புப் பெட்டி அகப்பட்டது. திறந்தேன். உள்ளே, மெல்லிய காகிதம் சுற்றிய, பெண்கள் போடும் பதினொரு செருப்புகள். பதினொன்றும் இடது கால். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, இவருடைய கையெழுத்தில். 'மோனிகா, 37. மிக மென்மை.' 'கிளாரா, 37. குதிகால் உயரம் அழகு.' 'ரூபி, 37. வேண்டாம்.'

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இவருக்குப் பொம்மனஹள்ளியில், பெல்ட்டும் பர்ஸும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் கணக்குப் பிரிவு வேலை. செருப்புக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு வாசலில் கிடந்த செருப்பை எடுத்து, வளைத்து, மோந்து பார்த்தார். கல்யாண வீட்டில் பெண்களின் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்தார். (அதற்காக அவரை நான் மெச்சியிருந்தேன்.) போன வாரம் "இப்ப உன் கால் சைஸ் என்ன?" என்று கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு முப்பத்தொன்பது ஆகிவிட்டதைச் சொன்னேன். "ச்சே, முப்பத்தேழாவே இருந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சுதான் உறுத்தியது. நோயாக இருந்தால்கூடப் பரவாயில்லை, புத்தகம் இருக்கிறது. ஆனால் இவருக்குப் பிடித்த அளவில் நான் இனிமேல் இல்லையோ? அழுதேன். அழுதுகொண்டே மோனிகாவை எடுத்து என் இடது காலில் திணித்தேன். எப்படியாவது நுழைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பட்டென்று வார் அறுந்தது.

பெட்டியை மூடி வைத்தேன். ஒருவருடைய அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாமல் மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது என்று பாடத்தில் படித்திருந்தேன். அதனால் அரை மணி நேரம் யோசித்த பிறகே இவருடைய அக்காவுக்குப் போன் செய்தேன். அண்ணி ஆனேக்கல்லில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். இவர் கறி வாங்கப் போயிருந்தார்.

"எத்தினி நாளா இருக்கு வித்யா?"

"தெரியல அண்ணி. ஆறு மாசம் ஆனாத்தான் நோயின்னு சேத்துக்குவாங்க."

"ஏதாச்சும் மாத்திரை?"

"அவருக்கு அதனால கஷ்டம் இருந்தாத்தான் வைத்தியம். இல்லன்னா அது ஒரு தப்பே இல்ல."

"எனக்குக் கஷ்டமா இருக்கேம்மா, அது கணக்குல சேராதா?"

கறிப் பையோடு இவர் உள்ளே வந்தார். எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துப் படித்தேன். "நான் உங்கள எந்த விதத்துலயும் தாழ்வா நெனக்கல. நீங்க மனசு விட்டுப் பேசலாம்."

"என்னத்தப் பேசறது?"

அண்ணிக்குப் பொறுமை இல்லை. "டேய் செந்திலு, யாருடா அந்த மோனிகா?"

இவருக்கு முகம் வெளுத்தது. (எனக்கும்.) "மோனிகாவத் தொட்டீங்களா? நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அவள ஓட்டல்ல காட்டணும்!"

அண்ணி சோபாவில் சாய்ந்துவிட்டார்.

எல்லாம் வெளிவரக் கால் மணி நேரம் ஆனது. கம்பெனியில் புதிதாகக் காலணிப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். இவரை மாதிரிக் காலணிகள் பார்க்கிற வேலைக்கு மாற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டு வியாபாரிக்குக் காட்ட ஒரு கால் போதுமாம், ஜோடி தைக்க மாட்டார்களாம். டிசைனுக்குப் பெண் பெயர் வைப்பது அந்தத் தொழிலில் வழக்கமாம். எதிர்வீட்டுச் செருப்பில் மோந்தது பசையை. மாதிரி எல்லாம் முப்பத்தேழில்தான் தைப்பார்கள்.

"உன் கால்ல போட்டுப் பாத்து சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன், அதான் சைஸ் கேட்டேன்."

"இதையெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! நீ இதே சோபாவுல பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டிருந்த. டிபார்ட்மெண்ட் மாத்திட்டாங்க, இனிமே ஷூதான்னு சொன்னேன். நீ 'ம்'ன. பயமா இருக்குன்னேன். அதுக்கும் 'ம்'ன."

சொல்லியிருப்பார். எனக்கு ஞாபகமே இல்லை. அந்த மாதங்களில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன்.

பிறகு அறுந்த வாரைக் காட்டினேன். இவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நாளைக்கு இது சரியாப் போனாத்தான் எனக்கு இந்த வேல நிக்கும். இல்லன்னா சந்தாபுரா கோடவுனுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

பிள்ளையை அண்ணியிடம் விட்டுவிட்டு, சிக்னலுக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் ஓடினோம். அவர் மோனிகாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னொண்ணு எங்க சார்?"

"இன்னொண்ணு இல்லீங்க."

அவர் என் இரண்டு கால்களையும் எண்ணினார். பிறகு ஒன்றும் கேட்காமல் தைத்துக் கொடுத்தார்.

மறுநாள் ஓட்டலுக்கு வந்த வியாபாரி மோனிகாவைக் கையில்கூட எடுக்கவில்லை. இவர் 'வேண்டாம்' என்று எழுதிய ரூபியைத்தான் கேட்டாராம். இவர் அந்த வேலையிலேயே நீடித்தார்.

மெதுவாக நான் பாடத்துக்குத் திரும்பினேன். மன உளைச்சல்: எனக்கு. உறவில் பாதிப்பு: என்னால். சம்மதிக்காத இன்னொருவருக்குத் தீங்கு: அண்ணிக்கு. செருப்பின் மீது அளவுக்கு மீறிய ஈடுபாடு காட்டியவரும் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

இப்போதெல்லாம் இவர் முக்கியமான விஷயம் சொன்னால், அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் 'ம்' செல்லாது. தையல் போட்ட மோனிகா வாசல் அலமாரியில் நிற்கிறாள், வீட்டுச் சாவி அவளுக்குள்தான் கிடக்கும். ஆனேக்கல்லிலிருந்து போன் வந்தால் அண்ணி முதலில் விசாரிப்பதும் அவளைத்தான்.

வெளியே கிளம்பும்போது, வந்திருக்கும் விருந்தாளிகள் முன்னாலேயே நான் கத்துவேன். "சாவி எங்கங்க?"

"மோனிகாகிட்ட இருக்கு!"

விருந்தாளிகள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். விளக்கிச் சொல்லலாம். களைப்பாக இருக்கிறது.