சௌக்கியமா கட்டிய மணி

உலகத்தில் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டு வகை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதரை நான் காரைக்குடியில்தான் பார்த்தேன். அவருக்கு எல்லாம் ஒரே வகை. கண்ணில் பட்டதையெல்லாம் நலம் விசாரிப்பார். காலையில் சைக்கிளை எடுக்கும்போது டயரை ஒரு அமுக்கு அமுக்கி, "என்ன, மூச்சு வாங்குதா?" என்பார். டவுன் பஸ்ஸில் ஏறியதும், "டிரைவரண்ணே, வண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கே, கவனிக்கப்படாதா?" என்று ஆரம்பிப்பார். ஒரு முறை பாதி வழியில் இறக்கிவிடப்பட்டார். இறங்கி நின்று பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார்.

அவருக்கு ஒரு நிஜப் பெயர் உண்டு. எங்களுக்கு அவர் 'சௌக்கியமா'.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் வேலை பார்த்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இரண்டு பீரோவை ஒட்டவைத்த உருவம். அவர் அதற்கு ப்ரோக்ராம் எழுதுகிறவர். நான் அதை ஓட்டுகிற ஆபரேட்டர், அதுவும் தற்காலிகம். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதால் என்னை அண்ணே என்பார். மெஷினோ வாரத்துக்கு இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். அது படுத்தது தெரியாமல் நான் பாதி நாள் அதன் முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்திருப்பேன்.

"கேக்க நாதியில்லாமக் கெடக்குதேண்ணே" என்று வருந்திய சௌக்கியமா, மெஷினுக்குள்ளேயே ஒரு ஆளைக் குடிவைத்தார். ஆள் என்றால் ஒரு குட்டி ப்ரோக்ராம். பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையில் எழுந்து, டேப், டிஸ்க், நினைவகம், அறையின் சூடு என்று ஒவ்வொரு இடமாகப் போய் நலம் விசாரித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அதற்கு 'விசாரிப்புக்காரர்' என்று பெயரும் வைத்தார்.

முதலில் எழுதிய விசாரிப்புக்காரர் மகா பாசக்காரர். ஓயாமல் விசாரித்தார். அவருக்குப் பதில் சொல்லவே மெஷினுக்கு நேரம் சரியாக இருந்தது. ஐந்து நிமிடக் கணக்கு ஒன்று மதியம் வரை நகரவில்லை. சௌக்கியமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"காய்ச்சக்காரனைப் பாக்க வந்த சொந்தக்காரய்ங்க மாதிரி ஆக்கிப்புட்டேண்ணே. கட்டில்ல உக்காந்து, காப்பியக் குடிச்சு, கதை பேசியே அவனைக் கொன்னுருவாய்ங்க. விசாரிக்கிறவன் வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போயிரணும். பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்கப்படாது."

அப்படியே திருத்தினார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, கண்மூடித் திறக்கும் நேரத்தில் விசாரிப்பு முடிந்துவிடும். ஏதாவது கோளாறு என்றால் மெஷினோடு இணைத்த டெலிபிரிண்டர் என்கிற தட்டச்சுப் பெட்டியில் அச்சாகும். எல்லாம் நலம் என்றால் காகிதத்தை வீணாக்காமல், டெலிபிரிண்டருக்குள் இருக்கும் மணி மட்டும் 'டிங்' என்று ஒரு முறை அடிக்கும்.

"அச்சும் வரலை, மணியும் அடிக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"விசாரிக்கப் போனவனே விழுந்துட்டான்னு அர்த்தம். அப்பத்தான் பயப்படணும்."

பயப்படுவதற்கு எனக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. பிறவி ஞானம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு டிங் என்பது சொல்லும்போது இனிமையாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஏ.சி. குளிரில் நாற்காலியில் சாய்ந்திருப்பவனைக் கேட்டால் தெரியும். ஒரு நாள் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, டெலிபிரிண்டர் மூடியைத் தூக்கி, மணிக்குள் அடைத்தேன். அருமையான தூக்கம். விழித்தபோது வீட்டுக்குப் போகும் நேரம். போய்விட்டேன்.

வாசகர்கள் அந்தப் பஞ்சைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஒரு பெரிய கணக்கு. காலை எட்டுக்கு ஆரம்பித்தால் மாலை நாலு வரை ஓடும். நடுவில் நின்றால் முதலிலிருந்து. "சாயந்திர ரயில்ல மெட்ராசுக்கு விடை போகணும். ஒழுங்கா முடிச்சுக் குடுங்க, உங்களை நிரந்தரம் பண்ண நான் எழுதுறேன்" என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். சௌக்கியமா அன்று தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

டேப் மாட்டுகிற பரபரப்பில் பதினொரு மணி ஆயிற்று. அப்போதுதான் அந்த அமைதி என் காதில் விழுந்தது. டிங் இல்லை. இருபது நிமிடம் காத்திருந்தேன். இல்லை. காகிதத்திலும் ஓர் எழுத்து இல்லை. பீரோவில் கை வைத்தேன். சுட்டது. அது என்றைக்கும் சுடுவதுதான். மூக்கை வைத்தேன். கருகல் வாடை. பக்கத்துக் கேண்டீனில் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கல்யாண வீட்டில் நல்லவேளையாகப் போன் இருந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"அண்ணே, சௌக்கியமா?"

"இல்லய்யா. மெஷின் செத்துப்போச்சு."

"வெளக்கு மினுக்குதா?"

"மினுக்குது."

"டேப் சுத்துதா?"

"சுத்துது."

"செத்தவன் எப்படிண்ணே சுத்துவான்?"

"பின்னே மணி ஏய்யா அடிக்கலை?"

"மணி மட்டுந்தானா?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒண்ணையும் தொடாதீக. வாரேன்" என்றார்.

அவர் பஸ் பிடித்து வருவதற்குள் மேலதிகாரி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே ஏதோ எரிகிறதென்றால் உடனே அணைக்க வேண்டும். அணைத்தால் கணக்கு போச்சு, என் வேலையும் போச்சு. "அணைச்சிரலாமா?" என்று அவர் கேட்டபோது என் விரல் சிவப்பு சுவிட்சின் மேல்தான் இருந்தது. 

"கையை எடுங்கண்ணே."

வாசலில் பட்டு வேட்டியும் கழுத்தில் சந்தனமுமாக சௌக்கியமா. மெஷினை அவர் திரும்பியே பார்க்கவில்லை. நேரே போய் டெலிபிரிண்டர் மூடியைத் தூக்கி, இரண்டு விரலால் பஞ்சை உருவினார். அது வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு பஞ்சையா வைத்தேன் என்று எனக்கே வியப்பு. மூவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டிங்.

"இது யார் பார்த்த வேலை?" என்றார் மேலதிகாரி.

நான் அவசரமாக டெலிபிரிண்டர் மூடியைச் சாத்தினேன். சௌக்கியமா முன்னால் வந்தார்.

"நான்தான் சார். நேத்து சுத்தம் பண்ணயில உள்ளயே விட்டுப்புட்டேன்."

கால்மணி நேரம் வசவு. சந்தனம் காய்ந்து உதிர உதிரத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மேலதிகாரி போனதும் நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"அதை விடுங்க. இலையில பாயாசம் ஊத்துறாய்ங்க, உங்க போன் வருது. அதுதாண்ணே மனசு ஆறல."

நாலு மணிக்குக் கணக்கு முடிந்தது. விடை ரயிலேறியது. நான் நிரந்தரமானேன்.

அடுத்த வாரம் வந்து, "விசாரிக்கிற பட்டியல்ல ஒரு உறுப்பை விட்டுப்புட்டேண்ணே" என்றார். அன்றிலிருந்து மணிக்கொரு தரம் டெலிபிரிண்டர், ஆங்கில எழுத்தில், "அண்ணே சௌக்கியமா?" என்று அடித்துக் கேட்கும். நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மணி விடாமல் அடிக்கும். தூக்கம் போயிற்று என்று ஊரெல்லாம் புலம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் பம்பாய்க்கு வேலை மாறிப் போனார். ப்ரோக்ராமில் இருந்த அந்த வரியை அவரும் எடுத்துவிட்டுப் போகவில்லை. வேறு யாரையும் நான் எடுக்க விடவில்லை.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்து உட்கார்ந்த அன்றும் அது கேட்டது. பொத்தானை அழுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.