மூச்சு விசாரணைக் குழு

மனித குலத்தைக் கெடுக்க சாத்தான் எத்தனையோ வாசல்களைப் பயன்படுத்தியிருக்கிறான். சிலரிடம் பணத்தின் வழியாக வருவான், சிலரிடம் பதவியின் வழியாக வருவான். என்னிடம் இடுப்பின் வழியாக வந்தான்.

மீசை முளைத்த நாளிலிருந்து கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான். போன மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. செருப்பைக்கூட மனைவிதான் மாட்டிவிட்டாள். தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சொல்லி மாட்டிவிட்டாள்.

பெரிய பெட்டி என்றால் எங்கள் தொழிலில் இரண்டு பேர் தூக்குவோம். எதிர்முனையில் பிடிக்கிறவனை ஜோடி என்போம். என் ஜோடி தாடி. இப்போது தாடி கிடையாது, பேர் மட்டும் நின்றுவிட்டது. வேறு மதம். சீட்டாட்டத்தில் சுத்தக் கள்ளன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மூட்டை மேல் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிவிடுவான்.

"என்னடா பண்றே?"

"மூச்சைப் பாக்கறேன்."

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அதான் நல்லாயிருக்கு."

நானும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு வாரத்தில் செருப்பை நானே மாட்டினேன். சந்தோஷம் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவ சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லும் 'சாட்சி'யாக அதைச் சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் சபையை நினைத்தால் எனக்கு நெஞ்சு விம்முகிறது. ஆலயக் கூரை ஒழுகுவதைப் பற்றி இன்றுவரை கூடாத பெரியவர்கள், என் மூக்கைப் பற்றிப் பேச மறுநாளே கூடினார்கள். 'கீழைத் தியான அபாய விசாரணைக் குழு' என்று பேரும் வைத்தார்கள். தலைவர், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. செயலாளர், மருந்துக்கடைக்காரர். நடுவில் போதகர்.

"கண்ணை மூடினியா?" என்றார் தலைவர்.

"மூடினேங்க ஐயா."

"மூடிக்கிட்டு என்ன நெனச்சே?"

"ஒண்ணும் நெனக்கலீங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதேதான்!" என்றார் தலைவர். "காலி மனசு. வீடு காலியா இருந்தா பிசாசு வாடகை குடுக்காம குடி வந்துடும்."

"ஐயா, பிரசங்கம் நடக்கறப்ப நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணும் நெனக்காமதானே இருக்கீங்க?"

"அது தூக்கம். தூக்கத்துக்கு நம்ம மார்க்கத்துல தடை இல்ல."

"சரிங்க. ஆதாம் மூக்குல மூச்சை ஊதினது ஆண்டவர்தானே? அவர் ஊதினதை நான் கொஞ்சம் கவனிச்சா குத்தமா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். செயலாளர்தான் சமாளித்தார்: "ஊதினதை வாங்கிக்கணும். அதுக்கு மேல நமக்கென்ன வேலை?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'சபையார் மூச்சு விடலாம், அதைக் கவனிக்கலாகாது.' கூடவே, தாடியோடு நான் ஜோடி சேரக் கூடாது. மீறினால் அடுத்த மாதம் என் மகள் கல்யாணம் ஆலயத்தில் நடக்காது.

வீட்டில் மகள் மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நீங்க சொன்னதுலேருந்து எனக்கு மூச்சு மட்டும்தான் கவனத்துக்கு வருது. கல்யாணம் வரைக்கும் எப்படிப்பா தாக்குப்பிடிக்கிறது?"

"பல்லைக் கடிச்சுக்கோ கண்ணு," என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு புண்ணியவான் ஆலயத்துக்குப் பியானோ வாங்கிக் கொடுத்தார். பாடகர்கள் நிற்கும் மாடத்துக்கு அதை ஏற்ற வேண்டும். குறுகிய மரப்படி. கிடங்கு வண்டியில் கொண்டுவந்தவன் தாடி. 'விசுவாசிகள் கை மட்டுமே படட்டும்' என்று அவனை வாசலிலேயே நிறுத்தினார்கள். கயிறு கட்டி, மேலே நானும் செயலாளரும், கீழே தலைவரும் போதகரும் பிடித்தோம்.

பாரம் தூக்க ஒரு முறை உண்டு. எல்லாரும் ஒன்றாக மூச்சை இழுத்து, பிடித்து, தூக்கி, வைக்கும்போது விட வேண்டும். ஆனால் எனக்கு மகள் கல்யாணம் முக்கியம். தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு, எதையும் கவனிக்காமல் தூக்கினேன். அவரவர் இஷ்டத்துக்கு மூச்சு விட்டார்கள். பாதிப் படியில் பியானோ சரிந்து தலைவரின் தொப்பையைச் சுவரோடு அழுத்தியது.

"ஐயோ, மூச்சு! மூச்சு முட்டுதுய்யா!"

"ஐயா, அதைக் கவனிக்காதீங்க," என்று மேலேயிருந்து கத்தினேன்.

"ஜெபம் பண்ணுவோம்," என்று போதகர் கண்ணை மூடினார். கண்ணோடு பிடியும் தளர்ந்தது. பியானோ இன்னும் ஒரு படி இறங்கியது.

சத்தம் கேட்டு தாடி ஓடிவந்து கீழே தோள் கொடுத்தான். "எல்லாரும் மூச்சை இழுங்க! பிடிங்க! தூக்கு! இப்ப விடுங்க!"

போதகர் இழுத்தார். செயலாளர் பிடித்தார். தொப்பை விடுபட்டதும் தலைவர் எல்லாரையும் விடச் சத்தமாக விட்டார். படிக்குப் படி, இழு, பிடி, விடு. எங்கள் சபை இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசிப் படியில் தாடியின் விரல் சுவருக்கும் பியானோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நகம் பெயர்ந்து வந்துவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். குழு உடனடியாக அதைக் கவனித்தது. ஆலயத்துக்குள் கெட்ட வார்த்தை பேசியதற்குக் கண்டனம் நிறைவேற்றி அவனை வெளியே அனுப்பினார்கள்.

"என் பொண்ணு கல்யாணம்?" என்று கேட்டேன்.

"தாராளமா நடக்கும்," என்றார் தலைவர், சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டே. "நீ கடைசி வரைக்கும் தீர்மானத்தை மீறலையே. நீ கவனிக்காம தூக்கினதை நான் வயித்தாலேயே உணர்ந்தேன்."

வண்டியடியில் தாடி விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். "உங்க ஆளுங்க பரவால்லய்யா," என்றான். "நல்லா மூச்சு விடறாங்க."

கல்யாணம் பிரமாதமாக நடந்தது. பியானோ இசை ஆலயத்தையே நிறைத்தது. முடிவில் தலைவர் எழுந்து, எங்கள் சபை யாருக்கும் எந்தப் பாக்கியும் வைக்காத சபை என்று நன்றியுரை வாசித்தார். ஆண்டவருக்கு நன்றி. பியானோ கொடுத்தவருக்கு நன்றி. அதைத் தாங்கிய படிக்கு நன்றி. அறுந்துபோகாத கயிற்றுக்கும் நன்றி சொன்னார், சபை கைதட்டியது.

கடைசி பெஞ்சில் கட்டுப்போட்ட விரலோடு தாடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சேர வேண்டிய நன்றி இன்றுவரை பாக்கி.