இரட்டைக் கலர் புகை

கோழி தின்னும் ஆசையில்தான் தங்கவேலு அந்த இரும்பு டிரம்மை வாங்கினார் என்று தெருவே நினைத்தது. தெருவுக்கு என்ன தெரியும்? காரணம் பீடி.

பட்டு நெய்கிறவனுக்கும் பீடிக்கும் ஆகாது. ஒருநாள் ஒரு பொறி தெறித்து, முக்கால்வாசி நெய்து முடித்த முகூர்த்தப் புடவையில் மிளகளவு ஓட்டை விழுந்தது. அன்றைக்கே அவர் மனைவி சூர்யகலா அவரைக் கற்பூரத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கிவிட்டாள். சத்தியம் செய்தது வாய். அதற்கப்புறம் ஏங்கியதும் அதே வாய். கொல்லைக் கோடியில் ஒரு இழுப்பு இழுத்தால்கூட, வீட்டுக்குள் இருக்கிற அவள் மூக்குக்குச் சேதி போய்விடும்.

இந்த நிலையில்தான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். எவனோ ஒருவன் டிரம்முக்குள் புகைமூட்டம் போட்டு, மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோழியைப் புகையிலேயே வேகவைக்கிறான். தங்கவேலு கோழியைப் பார்க்கவில்லை. புகையைப் பார்த்தார். அத்தனை புகைக்கு நடுவே ஒரு பீடிப் புகையை எந்த மூக்கு பிரித்தெடுக்கும்?

"கலா, நம்ம வீட்டுக்கு ஒரு ஸ்மோக்கர் ரெடி பண்ணப் போறேன்."

"ஒருத்தரு இருந்தாரே, அவரு போதாதா?"

"ஐய, ஆள் இல்லம்மே. டிரம்மு. கோழிய புகைலயே வேக வைக்கறது."

"அடுப்புல வெந்தா கோழி கோச்சுக்குமா?"

"எண்ணெ ஒரு சொட்டு வேணாம். உன் உடம்புக்குத்தான் நல்லது."

"என் உடம்பு மேல எப்பத்துலேந்து இம்மாங் கரிசனம்? சரி, மூணு மணி நேரம் யாரு அதும்பக்கத்துல குந்திகினு இருக்கறது?"

"நான்தான்! உனக்கு ஒரு வேலையும் இல்ல."

பால் பொங்குவதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் தெருவுக்குப் போய்விடுகிற மனிதர், கோழிக்கு மூன்று மணி நேரம் காவல் இருக்கிறேன் என்கிறார். சூர்யகலா ராட்டையை ஒரு சுற்று நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"செய்ங்க" என்றாள்.

வேலை செலவில்லாமல் நடந்தது. காயலாங்கடையில் சமையல் எண்ணெய் வந்த டிரம் கிடைத்தது. செத்துப்போன டேபிள் ஃபேனின் கூண்டு, கோழி வைக்கும் தட்டாயிற்று. வெந்நீர் பாய்லரின் குழாய் புகைபோக்கி ஆயிற்று. குக்கரிலிருந்து கழன்ற கைப்பிடி மூடிக்குப் போயிற்று. டிரம்மின் அடியில் ஒரு சட்டித் தணல். அதன் மேல் கொய்யாமரச் சிராயைத் தூவினால் எரியாமல் புகையும். சாக்கு நிறையச் சிராய் சேர்த்தார். சாக்கின் அடியில் ஒரு பீடிக்கட்டு.

முதல் ஞாயிறு அமோகம். டிரம்முக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். தணலைக் கிளறக் குனிகிறபோதெல்லாம் ஒரு இழுப்பு. கோழி வெளியே கருகி உள்ளே வேகாமல் வந்தது. சூர்யகலா அதை எடுத்துப்போய் அடுப்பில் வறுத்தாள். தங்கவேலுவின் முகம் மட்டும் பதமாக மலர்ந்திருந்தது. அவளோ கொல்லைப் படியில் நூல் சுற்றியபடி முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாதான் இருக்குதுங்க. அடுத்த வாரமும் போடுங்க. பக்கத்து வூட்டு ஜெயவேல் தம்பியையும் சாப்புடக் கூப்புடுங்க."

ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரித்தார் தங்கவேலு.

மறு ஞாயிறு, எலுமிச்சம்பழம் இல்லை என்று அவரை மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். திரும்பி வந்தால் டிரம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது.

"நீ ஏம்மே மூட்டின?"

"நீங்க ஒண்டியா எவ்ளோதான் பேஜார் படுவீங்க? ஜல்தியா ஆவட்டும்னு சாக்க அப்டியே கவுத்துட்டேன்."

"முழுசாவா?"

"அடி வரைக்கும். ஏங்க, வேற சாக்கு எதுனா வெச்சிருக்கீங்களா?"

வைத்திருக்கவில்லை. புகைபோக்கியை நெருங்கி மூச்சை இழுத்தார். பழகிய வாசனை. இந்த வாரத்துக்கென்று புதிதாக ஒளித்த முழுக் கட்டு, யார் உதட்டிலும் படாமல் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கத்தினால் சத்தியம் மீறிய கதை வெளியே வரும். கத்தாவிட்டால் நெஞ்சு வெடிக்கும்.

"தள்ளி நில்லுங்க. விட்ட பழக்கம் திரும்பிடப் போவுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் புகை ரெண்டு கலரா வந்துகினு இருந்துச்சு. கொழாய்ல வெள்ளை, உங்க முதுகுக்குப் பின்னால நீலம். பாவு ஒரு கலரு, ஊடை ஒரு கலரு போட்ட பொடவை மாதிரி. தெனம் கலர் பாத்து நூல் சுத்தறவளுக்கு இதுகூடத் தெரியாதா? இன்னிக்குப் பாருங்க, ஒரே கலரு."

தங்கவேலு எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெயவேல் வந்து சேர்ந்தான். வந்த கையோடு டிரம் மூடியைத் தூக்கினான். உள்ளே ஃபேன் கூண்டு காலியாகக் கிடந்தது.

"அண்ணி, கோழி எங்க?"

"உள்ள கொழம்புல கொதிக்குது தம்பி. வாங்க, எலை போடறேன்."

"அப்ப இது இன்னாத்துக்கு எரியுது?"

"உங்க அண்ணனக் கேளுங்க. அவருதான கட்டுனாரு."

ஜெயவேல் திரும்பினான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தங்கவேலு கடைசியாக ஒருமுறை அந்தப் புகையை அண்ணாந்து பார்த்தார்.

"கொசுவுக்கு" என்றார்.