பன்னிரண்டாம் தகடு

சேசு மரி சூசை துணை

கம்பம்
17-3-1936

மகா கனம் பொருந்திய மச்சான் பங்கிராஸ் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை செபஸ்தியம்மாளின் புருஷனும் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டருமான சின்னப்பராஜ் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மகள் செலினும், என் முதுகு நீங்கலாக, சுகம். தங்கள் தங்கை மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. ஆகையால் அவள் சுகம் எனக்குத் தெரியாது.

திண்டுக்கல் மாப்பிள்ளை வீட்டார் செலினுடைய போட்டோவைப் பார்த்துச் சம்மதம் சொன்னால், தவக்காலம் கழிந்ததும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று எழுதி, என் காமிராவுக்கு மதுரையிலிருந்து ஒரு டஜன் கண்ணாடித் தகடுகளும் அனுப்பியிருந்தீர்கள். இருபதாம் தேதிக்குள் போட்டோ வராவிட்டால் அவர்கள் வேறு பெண் பார்ப்பார்கள் என்பதையும் கவனத்தில் வைத்தேன். மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயது, இரண்டு தாரங்களை அடக்கம் செய்தவர் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்தக் காரியத்துக்கும் அனுபவஸ்தர் நல்லது.

புதுத் தகட்டில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்காமல் பெண்பிள்ளையை உட்கார வைப்பது முறையல்ல என்பதால், முதல் தகட்டை ஒரு தும்பைப் பூவின்மேல் செலவிட்டேன். தும்பை வெள்ளை, செலின் மாநிறம், கணக்குச் சரிவராது என்று இரண்டாவதை ஆவாரம்பூவுக்குக் கொடுத்தேன். அதற்குள் அந்தப் பூவின்மேல் ஒரு பொறிவண்டு வந்து உட்கார்ந்தது. வந்த வண்டை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வராமல் மூன்றாவது தகடு. நாலாவது, கல்யாண காரியமாயிற்றே என்று கலியாண முருங்கைப் பூவுக்கு. ஐந்திலிருந்து பத்து வரை ஒரே தட்டானுக்கு. அது ஆறு தடவையும் நான் மூடியைத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்ததும் போய்விட்டது. ஆறு தகட்டிலும் அது உட்கார்ந்திருந்த குச்சி மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

பதினொன்றாவது தகடு சுருளிப்பட்டிப் பாதையில் போயிற்று. அங்கே ஓர் எருக்கம்புதரில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி. காமிராவின் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு புதருக்குள் மண்டியிட்டிருந்தேன். புல்லுக்கட்டோடு வந்த ஜக்கம்மா என்கிறவள், "ஆரு அங்கன?" என்றாள். திரும்பினால் வெட்டுக்கிளி போய்விடும் என்று நான் துணிக்குள்ளிருந்தே, "படம் எடுக்குற நேரம், கிட்ட வராதீக!" என்றேன். நம் பக்கத்தில் படம் எடுப்பது பாம்பு ஒன்றுதான் என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் வாழைத் தோட்டத்தில் நின்ற புருஷன் ஒச்சாண்டியைக் கூப்பிட்டு, "கம்பெடுத்துட்டு ஓடியாங்க, புதருக்குள்ள படமெடுக்குதாம்!" என்று அலற, அவன் வந்து கறுப்புத் துணி அசைவதைப் பார்த்து, "ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய படம்!" என்று சொல்லிக் கம்பால் போட்டான். ஓர் அடி காமிரா முக்காலியில், ஓர் அடி என் முதுகில். மூன்றாவதுக்கு ஓங்கும்போது துணியை விலக்கினேன். "அட, டிராயிங் வாத்தியாரு! கடிச்சிருச்சா? பாம்பு எங்கிட்டுப் போச்சு?" என்று கேட்டு, எனக்காகப் புதர் முழுவதும் தேடினான். நல்ல மனிதன். வெட்டுக்கிளி போய்விட்டது.

நொண்டிக்கொண்டு வீடு வந்தால் தங்கள் தங்கை, "பிள்ளையப் படம் பிடிங்கன்னா எருக்கஞ்செடியப் பிடிச்சுட்டு வந்திருக்கீகளே, திண்டுக்கல்லுக்காரக எருக்குக்கா தாலி கட்டப்போறாக?" என்று கேட்டாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஆகவே மறுநாள் காலை செலினுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கொல்லையில் முருங்கையடியில் நாற்காலி போட்டு, பன்னிரண்டாம் தகட்டைச் செருகிவிட்டுப் பார்த்தால், அவள் தோள்மேல் ஒரு கும்பிடுபூச்சி! பச்சைப் பசேல் என்று, முன்கால் இரண்டையும் கூப்பிக்கொண்டு, பூசையில் நன்மை வாங்கப் போகிறவரைப்போல் நின்றது. நானும் மனுஷன்தானே மச்சான். முகத்துக்கு வைத்திருந்த காமிராக் கண்ணாடியைத் தோளுக்குத் திருப்பினேன்.

போட்டோ இத்துடன் இருக்கிறது. பூச்சியின் மீசைமயிர்கூட எண்ணலாம். பின்னால் கலங்கலாகத் தெரிவது செலின். தாங்கள் நேரில் போய், பெண், பூச்சிக்கு வலதுபுறம் என்று விளக்கிச் சொல்லவும். தவக்காலத்தில் கும்பிட்ட கையோடு ஒரு ஜீவன் உடனிருப்பது நல்ல சகுனம் என்றும் சேர்த்துச் சொல்லலாம். செலினுக்கு இந்தச் சம்பந்தத்தில் பூரண சம்மதம். அவளைக் கேட்டேன் என்றே நினைக்கிறேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் தோத்திரமும், பிள்ளைகளுக்கு முத்தமும், தங்களுக்கு முதுகு வளைகிற மட்டும் வணக்கமும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
மி. சின்னப்பராஜ்

பின்குறிப்பு: மாமாவுக்கு செலின் எழுதுவது. தபாலில் போடச் சொல்லி அப்பா கொடுத்தார்கள். உறையை ஒட்டுமுன் இதைச் சேர்க்கிறேன். அந்தப் பூச்சி தானாக வரவில்லை. நான்தான் பிடித்துத் தோளில் விட்டுக்கொண்டேன். அதைக் கண்டால் அப்பா என்னைப் பார்க்கமாட்டார்கள் என்று தெரியும். முகம் கலங்கலாக விழட்டும் என்று தலையை ஆட்டியதும் நான்தான். மூன்றாந்தாரமாகப் போக எனக்கு இஷ்டமில்லை மாமா. அப்பாவிடம் நாலு தடவை சொன்னேன். வெளிச்சம் போகிறது என்றார்கள். இந்தப் படத்தையே திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிடுங்கள். அப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரிய வேண்டாம். ஆயுசிலேயே முதல் தடவையாக ஒரு பூச்சி தமக்காக அசையாமல் நின்றது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.