உடைக்க ஒன்றுமில்லாத பதிவு

ஐஸ்கிரீம் கடையில் யாராவது பிளாஸ்டிக் கரண்டியைப் பட்டென்று ஒடித்தால் போதும், எனக்குத் திருக்காட்டுப்பள்ளியில் எல்லோரும் 'இன்னொருதடவை' என்று கூப்பிட்ட பெரியவர் ஞாபகம் வந்துவிடும். காவிரி பாயும் நிலத்தில், தன் வாசிப்பைத் தானே இத்தனை வெறுத்த கிளாரினெட்காரர் வேறு யாரும் பிறக்கவில்லை. கேட்பவர்கள் கண் கலங்கி நிற்கையில் குழலை இறக்கி, "சரியில்ல, இன்னொரு தடவை" என்பார். ஒருமுறை மாதா தேர்பவனியிலேயே சொல்லிவிட்டார். தேர் பத்தடி பின்னால் போய் மறுபடி கிளம்பியது. பங்குச்சாமியார் அன்று செபமாலை உருட்டிய வேகம் செபத்துக்கானதல்ல.

வீட்டில் டேப்ரெக்கார்டர் வைத்துத் தானே பதிவு செய்வார். கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது. திருப்தியானால்தான் உடைப்பேன் என்று சபதம். முப்பது வருஷத்தில் ஒரே தடவை உடைத்தார், என் கண்முன். தெரு முழுக்கக் காராபூந்தி போனது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பல் போன பொத்தலில் செலோடேப் ஒட்டி, அதன்மேலேயே வேறு வாசித்துக்கொண்டிருக்கிறார்.

போன வருஷம் சம்பா நடவு சமயம் டேப்ரெக்கார்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. என் போனில் பதிவு செய்யச் சொன்னார். வாய்க்காலில் புதுத் தண்ணீர், சன்னல் வழியே சேற்று வாசம். ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கடைசி சுரம் வரை போய், அது காற்றில் கரையும்வரை காத்திருந்தார். பிறகு போனை வாங்கி அதன் விளிம்பெல்லாம் கட்டைவிரலால் தடவினார்.

அறுப்புக்கு அவர் இல்லை.

அவர் மகள் ஸ்டெல்லா டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தஞ்சாவூர் ஸ்டுடியோக்காரர் ஒருவர், கேசட்டுகளில் இருக்கும் பாதிப்பாதி வாசிப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டி முழுசாக்கி வெளியிடலாம் என்கிறாராம். என் போன் பதிவும் வேண்டுமாம், கடைசியில் வரும் பேச்சை மட்டும் வெட்டிவிட்டு.

"அண்ணே, அப்பா போன்ல அந்தப் பல்லைத்தானே தேடுனாரு? அப்ப பிடிச்சிருந்துச்சுன்னுதானே அர்த்தம்?"

தேடினார்தான். ஆனால் மறுநாளும் வரச் சொன்னார், நான்தான் போகவில்லை. செலோடேப் கதையை ஞாபகப்படுத்தினேன். டீச்சர் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கேசட்டுகள் இருந்த பீரோவைப் பூட்டினார்.

"கேசட்டெல்லாம் அவரு வேணாம்னது. அதை யாரும் தொட வேணாம். இது மட்டும் போகட்டும், அவரு பேசுறதோட. ஒரு வார்த்தை வெட்டுனாலும் கிடையாதுன்னு சொல்லிடுங்க."

கேட்பவர்கள் சிரிப்பார்களே என்றார் ஸ்டுடியோக்காரர். சிரிக்கட்டும் என்றார் டீச்சர்.

இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கிளாரினெட் அடங்கியதும் கரகரவென்று ஒரு சத்தம் வரும். அது அவர் கட்டைவிரல். பதிவை நிறுத்த மறந்திருந்தேன். அதனால் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியதும் அதிலேயே இருக்கிறது:

"ஒடைக்க ஒண்ணுமே இல்லையே தம்பி. சரி, போயிட்டு நாளைக்கு வாங்க. இன்னொரு தடவை பாத்துக்கலாம்."