பூஜையறை வழியாக வெளிவந்த கேக்

கையில் பணம் நிறைய இருப்பவர்களுக்குத் தேவை வரும், வாங்கிவிடுவார்கள். பணம் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் ஆசை வரும். அதிலும் வீடு கட்டி முடிக்கிற நேரத்தில், வங்கிக் கடன் முழுக்கச் சுவராகவும் கூரையாகவும் மாறிவிட்ட பிறகு, டைல்ஸ் கடைக்காரர் போன் செய்தால் எடுக்காமலே விடுகிற கட்டத்தில் வரும் ஆசை இருக்கிறதே, அதை அடக்கவே முடியாது. வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டியபோது எனக்கு வந்தது, சுவருக்குள் பதிக்கிற ஓவன் மேல் ஆசை.

(மேடைமேல் வைக்கிற சின்ன ஓவன் இல்லை. சுவருக்குள், அலமாரி மாதிரி, கண்ணாடிக் கதவோடு, உள்ளே மஞ்சள் விளக்கோடு. வீடியோவில் பார்த்திருக்கிறேன். அதன் முன்னால் நிற்கும் பெண்கள் யாருக்குமே வியர்க்காது.)

ஆசைக்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. அப்போது நான் இரும்புச் சட்டியில் மணல் கொட்டி, அதன்மேல் பாத்திரம் வைத்து கேக் செய்துகொண்டிருந்தேன். தெருவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் என் கேக்தான். ஆசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் கஃபே வைத்திருக்கும் ஹரி என்பவர் ஒருநாள் அதைச் சாப்பிட்டுப் பார்த்தார்.

"டேஸ்ட் சூப்பரா கீது சிஸ்டர். ஆனா ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளமா இருக்கே. நல்ல ஓவனா வாங்குங்க. தினமும் ஆர்டர் தர்றேன்" என்றார்.

தினமும் ஆர்டர்! அந்த ஒரு வார்த்தையில் வீட்டுக் கடனே அடைந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. என் கணவர் பாஸ்கர் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியர். அவரை இழுத்துக்கொண்டு வேலூருக்கு ஓவன் பார்க்கப் போனேன்.

கடையில் டை கட்டிய இளைஞர் ஒருவர் அன்பாக வரவேற்றார். "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்று கேட்டார். என் கணவர் சொன்னார். இளைஞரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எங்களை மரியாதையாக அழைத்துக்கொண்டு போய் மிக்ஸிகள் வைத்திருந்த இடத்தில் நிறுத்தினார்.

"இல்லப்பா, சுவத்துக்குள்ள வைக்கிறது" என்றேன்.

காட்டினார். விலையையும் சொன்னார். பக்கத்தில் விற்பனைக்கு இருந்த நாற்காலி ஒன்றில் நான் உட்கார்ந்தேன்.

"இதுகூட சமையல்காரரும் சேர்ந்து வருவாரா?" என்று கேட்டார் என் கணவர்.

"இதுதான் சார் இருக்கிறதிலயே கம்மி" என்றார் இளைஞர்.

எங்கள் பட்ஜெட்டுக்குள் அந்தக் கடையில் இருந்தது ஒரே ஒரு ஓவன். அதில் ஒரு பன் வைக்கலாம். பன் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் இரண்டு. பேருந்தில் திரும்பும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணவர் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார். (திருமணமாகி இத்தனை வருடம் ஆகியும் மனிதர் இன்னும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்.)

அடுத்த வாரமே அதிர்ஷ்டம் வந்தது. ஆசிரமத்துப் பக்கம் வாடகை வீட்டில் பல வருடம் இருந்த ஜெர்மன்காரம்மா ஒருவர் ஊருக்கே திரும்பப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று ஹரி போன் செய்தார். அந்த அம்மாவின் பெயர் ஊட்டே. (என் மாமியார் கடைசிவரை "ஊட்டிக்காரம்மா" என்றே சொன்னார்.) போய்ப் பார்த்தால் சமையலறைச் சுவரில், கண்ணாடிக் கதவோடு, மஞ்சள் விளக்கோடு, வீடியோவில் வந்த அதே மாதிரி ஓவன்! அவர் ஊரிலிருந்தே கப்பலில் கொண்டுவந்ததாம். அவர் கேட்ட விலை எங்கள் பட்ஜெட்டுக்கும் கீழே இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு வேலூரில் வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி.

ஊட்டே அம்மா ஒவ்வொரு குறியாகத் தொட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். ஓவனில் எழுத்தெல்லாம் ஜெர்மன் மொழி. திருகும் குமிழைச் சுற்றிச் சின்னச் சின்னப் படங்கள். நான் ஒவ்வொன்றுக்கும் "எஸ், எஸ்" என்றேன். என் ஆங்கிலத்தில் அதுதான் மிகவும் சரளமான வார்த்தை. கடைசிப் படத்துக்கு வந்தபோது அவர் குரலை உயர்த்தி, இரண்டு கையையும் ஆட்டி, ஏதோ அழுத்தமாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து வெளியே செங்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. எனக்குக் காதில் விழுந்தது "வெரி, வெரி ஹாட்" என்பது மட்டும்தான்.

"எஸ், எஸ்" என்றேன்.

ஓவன் வேங்கிக்கால் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் வீடியோவைப் பார்த்துச் சொன்ன அளவில் மேஸ்திரி சுவரில் பொந்து விட்டிருந்தார். தூக்கி உள்ளே வைத்தார்கள். பாதி உள்ளே போனது, மீதி சமையலறையில் நின்றது.

"இன்னாம்மா இது, தலையை மட்டும் உள்ள வுட்டுக்கினு நிக்குது?" என்றார் மேஸ்திரி.

சுவருக்கு அந்தப் பக்கம் பூஜையறை. வேறு வழியில்லாமல் சுவரை முழுக்க உடைத்தோம். ஓவன் சமையலறையில் அழகாகப் பொருந்தியது. அதன் முதுகு பூஜையறையில் எட்டிப் பார்த்தது. காற்றுப் போக இடம் வேண்டும், அடைக்கக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் சொன்னதால், ஓட்டை போட்ட தகடு ஒன்றை அங்கே அடித்து, அதன் முன்னால் பெரிய அண்ணாமலையார் படத்தை மாட்டினோம்.

"சாமிக்குப் பின்னாடி அடுப்பு வச்சிக்கிறீங்களேடா" என்று அத்தை அங்கலாய்த்தார்.

"நம்ம ஊரு சாமியே நெருப்புதானம்மா. கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் என் கணவர்.

கிரகப்பிரவேசம் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஹரியையும் அழைத்திருந்தேன். சுடச்சுடப் புது ஓவன் கேக்கை அவர் கையில் கொடுத்து, அங்கேயே ஆர்டரை வாங்கிவிடுவது என் திட்டம். விசேஷ நாள் என்பதால் முட்டை சேர்க்காத கேக். ஓவனுக்கு மின் இணைப்பு முந்தின நாள் மாலைதான் கிடைத்தது. விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். எரிந்தது. அதற்குமேல் ஒரு ஓவனிடம் என்ன எதிர்பார்ப்பது?

முகூர்த்த நாளாகையால் ஐயர் வேறொரு வீட்டை முடித்துவிட்டுத் தாமதமாக வந்தார். ஹோமம் முடிந்து பால் பொங்கும்போதே ஹரியிடமிருந்து போன்.

"சிஸ்டர், கிளம்பிட்டேன். கேக் ரெடியா?"

"ரெடி, ரெடி!" என்றேன். மாவு அப்போதுதான் பாத்திரத்தில் ஊற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் ஓவனில் வைத்தேன். எந்தப் படம்? சாதாரணமாக வைத்தால் நேரமாகும். ஊட்டே அம்மா அழுத்தி அழுத்திச் சொன்ன கடைசிப் படம் ஞாபகம் வந்தது. வெரி, வெரி ஹாட். சூடு ஜாஸ்தி என்றால் வேலை சீக்கிரம் முடியும்! குமிழை அங்கே திருப்பினேன். 'டக்' என்று கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா அத்தை, கொழந்தைங்க திறந்திடக் கூடாதுனு அதுவே பூட்டிக்குது. இதுதான் ஃபாரின் சாமான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

கேக் பிரமாதமாக எழும்பியது. சொந்தக்காரப் பெண்களெல்லாம் டிவி பார்ப்பதுபோலக் கண்ணாடி முன்னால் கூடிவிட்டார்கள். பொன்னிறமானது. "அழகா கீதுடி" என்றார்கள். பழுப்பானது. "எடுத்துடு மஞ்சு, போதும்" என்றார்கள். குமிழைத் திருப்பிவிட்டுக் கதவை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். அத்தை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். நான்தான் கொஞ்சம் பின்னால் வந்தேன், கதவு வரவில்லை.

கேக் கறுத்தது. ஓரத்தில் சிவப்பாகக் கனிந்தது. பிறகு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நடுவில் ஒரு சின்னச் சுடர் எழுந்து நின்று ஆடியது.

என் வாழ்க்கையின் முதல் பெரிய ஆர்டர் கண்ணாடிக்குப் பின்னால் எரிந்துகொண்டிருக்கிறது, அதைத் தொடக்கூட முடியவில்லை. "ஏங்க! ஏங்க!" என்று மட்டும்தான் கத்த முடிந்தது.

அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் பூஜையறையிலிருந்து குரல் கேட்டது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

என் கணவரின் சித்தப்பா ஏழுமலை. நல்ல மனிதர், பக்திமான். பூஜையறையில் தனியாகக் கண்ணை மூடி நின்றிருந்தவர் திறந்து பார்த்திருக்கிறார். அண்ணாமலையார் படத்தின் பின்னாலிருந்து நான்கு பக்கமும் குபுகுபுவென்று புகை வந்திருக்கிறது. ஹோமம் முடிந்து வெகுநேரமாகிவிட்டது, ஊதுபத்திகூட இல்லை. அதோடு புகையில் லேசாக வெனிலா வாசனை வேறு.

"எல்லாரும் ஓடியாங்க! சாமி வந்துட்டாருடா பாஸ்கரு! உன் வீட்டுக்கு சாமி வந்துட்டாரு!"

கூடத்தில் இருந்தவர்கள் திமுதிமுவென்று பூஜையறைக்குள் போனார்கள். அரோகரா கோஷம் கூரையைத் தொட்டது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், "கரண்டு இருக்கும்மா, ஊத்தாத!" என்று அத்தை குடத்தைப் பிடித்துத் தொங்குகிறார். என் கணவர் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார். அணைத்ததும் வீடு முழுக்க விளக்கு போய்விட்டது. கற்பூர ஒளியும் புகையும் மட்டும். பக்தி இன்னும் கூடிவிட்டது.

அந்தக் காட்சிக்குள்தான் ஹரி நுழைந்தார், கையில் ஒரு பூந்தொட்டியோடு.

"சிஸ்டர், கேக் எங்கே?"

நான் கண்ணாடியைக் காட்டினேன். சுடர் அணையும் நேரம். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரோகரா கேட்கும் சுவரைப் பார்த்தார். பூந்தொட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த முகத்தில் இருந்த அதிர்ச்சியை நான் வேறு எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. என் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை என்பதால் அப்படிச் சொல்கிறேன்.

கதவு திறக்கவே இல்லை. பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சூடு ஆறியதோ என்னவோ, மின்சாரத்தை மறுபடி போட்டதும் 'டக்' என்று அதுவாகத் திறந்தது. பாத்திரத்தில் அடியில் கொஞ்சம் கரி, மேலே மெத்தென்று சாம்பல்.

"உள்ள பாரேன், கண்ணாடி மாதிரி சுத்தமா கீது" என்றார் அத்தை. உண்மைதான். பழைய ஓவன் புத்தம் புதிதாக மின்னியது.

விஷயம் இதுதான் என்று சித்தப்பாவிடம் என் கணவர் பக்குவமாக விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பாத்திரத்துக்குள் விரலை விட்டுச் சாம்பலை எடுத்து நெற்றியில் பட்டையாகப் பூசிக்கொண்டார்.

"கேக்குல வந்தா இன்னாடா, பாலுல வந்தா இன்னா? வரணும்னு இருந்துது, வந்துட்டாரு."

வரிசையாக எல்லாரும் நெற்றியை நீட்டினார்கள். ஹரியும் நீட்டினார். ஆர்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பட்டையோடு பைக்கில் போய்விட்டார். அன்று இரவு புதுவீட்டில் நான் அழுத அழுகையில் என் கணவர் மணல் சட்டியைத் தேடி எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார். ஆறுதலாம்.

மறுநாள் ஊட்டே அம்மாவை வீடியோ காலில் பிடித்தோம். கடைசிப் படம் சமைப்பதற்கு இல்லையாம். ஓவன் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வதற்காம். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் பயங்கரச் சூட்டில் சாம்பலாக்கிவிடுமாம். ஆறும்வரை கதவு திறக்காதாம். "யூ புட் த கேக்?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரையைவிட்டே காணாமல் போனார்.

அடுத்த மாதம் சரியான படத்தில் வைத்து, மலையும் பள்ளமும் இல்லாத கேக் ஒன்றைச் செய்து நானே ஹரியின் கஃபேக்கு எடுத்துப்போனேன். டப்பாவைத் திறக்கும் முன்பே, "சாப்பிடறதா சிஸ்டர், பூசிக்கிறதா?" என்று கேட்டார். சாப்பிட்டார். இன்றுவரை ஆர்டர் நிற்கவில்லை. அந்தக் கேள்வியும் நிற்கவில்லை.

ஆனால் கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று மீந்த சாம்பலை ஏழுமலை சித்தப்பா ஒரு டப்பாவில் போட்டுக் கீழ்பென்னாத்தூருக்கு எடுத்துப்போயிருக்கிறார். அவர் மகன் கார் லைசென்ஸுக்கு எட்டுப் போடும் பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருந்தவன். அதைப் பூசிக்கொண்டு போனான், தேறிவிட்டான். அவ்வளவுதான். பெண் பார்க்கப் போவது, பேங்க் பரீட்சை, போர்வெல் போடுவது என்று எதுவானாலும் சொந்தக்காரர்கள் சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். குரலில் கவலை.

"மஞ்சு, துன்னூறு காலியாயிட்டதும்மா. இன்னொரு கேக்கு கொளுத்திக் குடேன்."

எனக்குச் சுரீர் என்றது. தினமும் கேக் செய்து விற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? "எதைக் கொளுத்தட்டும் சித்தப்பா? வெனிலாவா, சாக்லேட்டா?" என்றேன் வெடுக்கென்று.

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"லைசென்ஸ் வாங்கிக் குடுத்தது எதும்மா?" என்றார்.