படத்தில் பச்சை, பலகையில் பழுப்பு

இந்தக் கதையை முதலில் சொன்னவர் எங்கள் பள்ளிக் கணித ஆசிரியை எஸ்தர் தங்கபாய். இருபத்தாறு ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் வந்துபோனவர். ஆகவே இதில் வரும் விலங்குகளைத் தவிர வேறெதையும் ஐயுற வேண்டியதில்லை.

ஒரு காட்டில் இரயில் ஓடியது; நேரத்துக்கு ஓடியது என்று எவரும் சொல்லவில்லை. அக்காட்டின் மேற்கோரத்தில் மரகதவல்லி என்னும் பச்சோந்தி வாழ்ந்தாள். தன் குலத்தின்மீது உலகம் சுமத்தும் பழியெல்லாம் அவள் அறிவாள். அதனாலேயே எள்ளளவும் நேர்மை பிசகக் கூடாதென்று உறுதி பூண்டிருந்தாள். அவளுக்கு மூன்று காடு தாண்டிய கல்லூரியில் இடம் கிடைத்தது. நாள்தோறும் காலைப் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்ப வேண்டும். பருவத்துக்கு நூறு வகுப்பு நாள்கள். இருபத்தைந்து நாள் தவறலாம். இருபத்தாறாவது நாள் தவறினால் தேர்வு எழுத முடியாது.

மற்ற மாணவர்கள் முதல் நாளே வண்டியேறினர். மரகதவல்லியோ அரசிலையில் கணக்குப் போட்டாள். தினமும் டிக்கெட் எடுத்தால் போகவர முப்பது ரூபாய். மாதச் சீசன் இருநூற்றெழுபது. மாணவர் சலுகையில் மூன்று மாதச் சீசன் முந்நூற்றறுபது. இரண்டு நாள் கூட்டிக் கழித்து, மூன்றாவதே சிறந்தது என்று தெளிந்தாள். கணக்கில் பிழையே இல்லை.

கவுண்டரில் ஆந்தையார் அமர்ந்திருந்தார். பகலில் கண் தெரியாதவர் ஆதலால் அவருக்குப் பகல் பணி தரப்பட்டிருந்தது.

"நீ அந்தக் காலேஜ்லதான் படிக்கிறேங்கிற போனஃபைடு சர்டிஃபிகேட் எங்கம்மா?"

"அது காலேஜ்ல தருவாங்க சார். காலேஜுக்குப் போகத்தான் சீட்டே கேக்குறேன்."

"போய் வாங்கிட்டு வா. போறதுக்குச் சீட்டு தர்றேன்."

ஒரு நாள் டிக்கெட் எடுத்திருந்தால் அன்று மாலையே காரியம் முடிந்திருக்கும். தன் கணக்கில் வராத செலவை மரகதவல்லி செய்வதில்லை. ஊர்ந்தே போனாள். போக ஆறு நாள், வர ஆறு நாள். சிறந்த சீட்டைத் தேர்ந்தெடுத்து முடித்தபோது பதினான்கு வகுப்புகள் போயிருந்தன. கையிலிருந்த முந்நூற்றறுபது ரூபாயும் போயிருந்தது. சீட்டோடு சேர்ந்த அடையாள அட்டையில், வேப்பங்கிளையில் அமர்ந்து எடுத்த அவள் படம் பச்சைப் பசேலென்று ஒட்டப்பட்டிருந்தது.

மறுநாள் பெட்டியில் பழுப்பு மரப்பலகையில் அமர்ந்தாள். பச்சோந்தியின் தோல் அமர்ந்த இடத்தின் சொல்லைத்தான் கேட்கும், அவளும் பழுப்பானாள். பயணச்சீட்டுப் பரிசோதகர் நரியார் அவளைக் கவனிக்காமல் கடந்து போனார். நேர்மை தவறாத மரகதவல்லி தானே சீட்டை நீட்டினாள்.

நரியார் துள்ளிக் குதித்தார். "யாரது? வெறும் பலகையில சீட்டு தனியா நிக்குது!"

"நான்தான் சார். மரகதவல்லி. ஸ்டூடண்ட் சீசன்."

நரியார் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "படத்துல பச்சை. ஆள் பழுப்பு. அடுத்தவங்க சீட்டுல வர்றியா? இருநூத்தம்பது அபராதம் கட்டு."

"காசு இல்லையே சார்."

"அப்ப இறங்கு."

நடுக்காட்டு நிறுத்தத்தில் இறங்கினாள். கல்லூரிக்குப் போகவில்லை. மறுநாள் பழுப்புப் படம் கொண்டுபோனாள். ஒரு சீட்டுக்கு ஒரு படம்தான் என்றார் ஆந்தையார். அதற்கடுத்த நாள் ஒரு வேப்பங்கிளையைக் கொண்டுவந்து அதன்மேல் அமர்ந்தாள். நிறம் பொருந்தியது. நரியார் கிளைக்குச் சுமைக் கட்டணம் கேட்டார். இவ்வாறு பதினோரு நாள், பதினோரு முறை, அதே நிறுத்தம்.

பதினான்கும் பதினொன்றும் இருபத்தைந்து. கல்லூரியிலிருந்து ஓலை வந்தது: இன்னும் ஒரு நாள் வராவிடில் தேர்வு இல்லை.

பன்னிரண்டாம் நாள் பலகையில் அமர்ந்து அழுதாள். பலகைக்கு அடியிலிருந்து பெருச்சாளியார் ஒருவர் தலையை நீட்டினார். ஒன்பது ஆண்டுகளாகச் சீட்டின்றி அதே இடத்தில் பயணம் செய்பவர்.

"ஏன் தங்கச்சி, தெரியாமத்தான் கேக்குறேன். அந்த நரி என்னைக்காவது உன்னைப் பாத்து நின்னிருக்கானா?"

"இல்லண்ணே. சீட்டை நீட்டினாத்தான் நிப்பாரு."

"அப்புறம் எதுக்கு நீட்டுற?"

"சீட்டு இருக்கே!"

"அதான் கேடு. அவன் கண்ணுக்கு உன்னைத் தெரியல, உன் சீட்டுதான் தெரியுது. உள்ள வை புள்ள."

நரியார் வந்தார். மரகதவல்லியின் கை பழக்கத்தால் பைக்குள் போயிற்று. இருபத்தாறு என்னும் எண் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டாள். கால் வலித்த நரியார் அவள்மீதே அமர்ந்து, முறுக்கு ஒன்றைத் தின்று, "இந்தப் பெட்டியில் சீட்டற்றோர் எவருமிலர்" என்று பேரேட்டில் எழுதி எழுந்தார். அவள் மூச்சுவிட்டபோது கல்லூரி நிலையம் வந்திருந்தது. முதல் மணி அடிக்கையில் "உள்ளேன் ஐயா!" என்று அவள் கூவிய குரலுக்கு வகுப்பே திரும்பிப் பார்த்தது. எவரும் தென்படவில்லை. எனினும் வருகை பதிவாயிற்று.

பயன்படுத்தாத சீட்டைக் கையில் வைத்திருப்பது முறையன்று என்று அவள் நேர்மை உள்ளம் உறுத்தியது. அன்றே அதைக் கவுண்டரில் ஒப்படைத்து, மீதிப் பணம் கோரி மூன்று படிகளில் விண்ணப்பம் எழுதினாள். பகலில் கண் தெரியாததால் ஆந்தையார் படத்தையும் ஆளையும் ஒப்பிடவில்லை. அதன்பின் சீட்டே இல்லாமல், ஒரு வகுப்பும் தவறாமல், மூன்றாண்டு படித்து முதல் வகுப்பில் தேறினாள். சீட்டற்ற பயணத்தை அறவே ஒழித்தமைக்காக நரியாருக்குப் பதக்கம் வழங்கப்பட்டது.

பட்டமளிப்பு விழாவன்று விண்ணப்பத்துக்கு மறுமொழி வந்தது. இறக்கிவிடப்பட்ட பதினோரு நாளும் பயணம் செய்த நாள்களாகவே கொள்ளப்பட்டு, நாளுக்கு முப்பதாக முந்நூற்று முப்பது கழிக்கப்பட்டிருந்தது. எழுத்தர் கட்டணம் இருபது. படிவம் மூன்றுக்கு நாலரை.

நீதி: சீட்டை நீட்டுகிறவரே சிக்குவார். ஆயினும் நேர்மையாளருக்குச் சேர வேண்டியது ஒருநாள் சேர்ந்தே தீரும். பிடித்தம் போக, ஐந்து ரூபாய் ஐம்பது காசு.